கோலை ஊர் பார்க்கட்டும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். என் கணவருக்கு வயது 42. விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சிறு வயதிலிருந்தே மாலைக்கண் என்று சொல்லி வந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் அது ‘ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா’ (மரபணுக் குறையால் விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் நோய்) என்று கண் மருத்துவர் சொன்னார். இப்போது பகலில் நேர் எதிரே இருப்பது தெரிகிறது, பேப்பர் படிக்கிறார். பக்கவாட்டில் எதுவும் தெரிவதில்லை. இருட்டிவிட்டால் ஒன்றுமே தெரியாது. போன தை மாதம் பஸ் நிலையத்தில் நிறுத்தியிருந்த பைக்கில் மோதி விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு எங்கு போனாலும் எங்கள் பதினொரு வயது மகன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். வெளிநாட்டில் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள் என்று கொழுந்தனார் சொல்கிறார். கேமரா வைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் தனியாகவே நடக்கலாம், விலை இரண்டேகால் லட்சம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து காட்டிவிட்டுப் போனார். முக்கால் ஏக்கர் நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம். வெள்ளைக் கோல் வாங்கலாம் என்றால் அவர் ஒத்துக்கொள்வதில்லை. “கண்ணாடி போட்டால் யாருக்கும் தெரியாது, கோலைப் பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்” என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நிலத்தை விற்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு விளக்குகிறேன். யாராவது பத்திரம் வரை வந்திருந்தால், இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

பார்வை இழந்தவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி தருவது என் வேலை. 24 ஆண்டுகளாக அவர்களோடு தெருத்தெருவாக நடந்து வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் கண்ணாடியைப் பற்றியும் செயற்கைக் கண்ணைப் பற்றியும் எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. ஆனாலும் நிலம் விற்கிற பேச்சு வந்துவிட்டதால், கருவிகளை முதலில் பேசிவிடுவோம்.

கொழுந்தனார் சொல்வது பொய்யல்ல. செயற்கைக் கண் என்று ஒன்று உண்மையிலேயே பொருத்தப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘செகண்ட் சைட்’ என்ற நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்தது. ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அதற்கு அனுமதி கிடைத்தது. மூக்குக் கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு சிறு கணினி, விழித்திரையின் மேல் 60 மின்முனைகள் கொண்ட ஒரு தகடு. கேமரா பார்ப்பதை மின்முனைகள் விழித்திரைக்குத் தூண்டல்களாகக் கொடுக்கும். அதுவும் உங்கள் கணவருக்கு இருக்கிற இதே நோய் முற்றி, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் போனவர்களுக்காகத்தான்.

60 என்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறத்தாழ பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன. பத்து லட்சம் பேர் சொல்ல வேண்டிய சேதியை 60 பேர் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பார்வை. கதவு இருக்கும் பக்கம் ஒரு வெளிச்சக் கட்டம், ஆள் கடந்து போனால் ஒரு மினுக்கல், வெள்ளைக் கோடு போட்ட பாதையின் ஓரம். பல வருடம் இருட்டில் இருந்தவருக்கு அது சிறிய விஷயமல்ல. மனைவி எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரிவதற்காக ஒருவர் எதையும் கொடுப்பார், எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பொருத்திக்கொண்டவர்களும் தெருவில் நடக்கும்போது கோலைக் கீழே வைக்கவில்லை.

அதன் விலை ஒன்றரை லட்சம் டாலர் அளவில் இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அதைச் செய்வதை நிறுத்தியது, 2020-ல் ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையைவிட்டு அனுப்பியது. கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை, பழுதானால் பார்க்க ஆள் இல்லை. ஜெர்மனியில் 1,500 ஒளி உணரிகளைக் கொண்ட இன்னும் நுட்பமான மின்னணுச் சில்லு (சிப்) ஒன்றைச் செய்த ‘ரெட்டினா இம்ப்ளான்ட்’ நிறுவனமும் அதே 2019-ல் மூடப்பட்டது. உடலுக்குள் வைக்கிற கருவிக்கு, அதைச் செய்தவன் நம்மைவிட அதிக நாள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதித் தர யாராலும் முடியாது.

2025 அக்டோபரில் ‘பிரிமா’ என்ற புதிய சில்லின் ஆய்வு முடிவு வெளிவந்தது. இரண்டு மில்லிமீட்டர் சதுரத்தில் ஒளி உணரும் 378 புள்ளிகள். ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்துகளை அறிவதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மகிழ்ச்சியான செய்திதான், கொழுந்தனார் இதைப் படித்திருக்கலாம். ஆனால் அது வயது முதிர்வால் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்களுக்கு. உங்கள் கணவருக்கு நேர் எதிர் நிலை: அவருக்கு மிச்சம் இருப்பதே அந்த நடுப்பகுதிதான். பேப்பர் படிக்கிற கண்ணில் இப்படி ஒரு அறுவை சிகிச்சையை நல்ல மருத்துவர் யாரும் செய்யமாட்டார். யாராவது செய்கிறேன் என்று சொன்னால் அந்த வாசலைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மரபணு சிகிச்சை பற்றியும் யாராவது சொல்வார்கள். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘லக்ஸ்டர்னா’ என்ற மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும். இந்த நோய் உள்ளவர்களில் அவர்கள் மிகச் சிறு பங்கினர். ஒரு கண்ணுக்கு நாலேகால் லட்சம் டாலர் என்று விலை வைத்தார்கள். மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லதுதான், பிள்ளைக்காகவும் பிற்காலத்துக்காகவும். அதற்கு நிலம் விற்க வேண்டியதில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்வையை வரவழைக்கிறோம் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். அப்படி ஊசி போட்டுக்கொண்டதால் இருந்த பார்வையும் போனவர்களின் கதை அமெரிக்க மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது.

இவையெல்லாவற்றையும்விட அவசரமான வேறொன்று இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும், விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. “எப்படியும் போகப் போகிற கண்” என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடம் போகாமல் இருந்து, புரையால் போன பார்வையை நோயின் கணக்கில் எழுதிக்கொண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஓராண்டு ஆகியிருந்தால் இந்த மாதமே போங்கள்.

இனி அந்தக் கண்ணாடி.

வீட்டுக்கு வந்தவர் எங்கே வைத்துக் காட்டினார்? உங்கள் முன்கட்டில், பகல் வெளிச்சத்தில், சுத்தமான சிமெண்டுத் தரையில். கேமராவில் படுவதைக் காதில் சொல்லும் அந்தக் கண்ணாடி, நாற்காலி என்றது, கதவு என்றது, உங்கள் மகனைப் பார்த்து “சிறுவன் புன்னகைக்கிறான்” என்றுகூடச் சொல்லியிருக்கும். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியிருக்கும். எனக்கும் முதல் முறை கலங்கியது.

பிறகு அப்படி ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரை மதுரையில் ஒரு காய்கறிக் கடைத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். “ஆள்... ஆள்... பைக்... ஆள்... தள்ளுவண்டி... ஆள்” என்று அது காதில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொன்னதில் தவறில்லை, எல்லாமே அங்கே இருந்தன. ஆனால் பின்னால் வந்த ஆட்டோவின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் தோளைப் பிடித்து இழுத்தேன். பார்வை குறைந்தவருக்குத் தெருவில் காதுதான் கண். அந்தக் காதுக்குள் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் தெரு மறைந்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் அவரே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மடக்கி வைத்திருந்த கோலை விரித்தார்.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே நகர்கிறார். கேமரா படத்தை எடுத்து, இணையம் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பி, அது புரிந்துகொண்டு, சொற்களாக்கி, காதில் சொல்லி முடிக்க மூன்று நொடி ஆனால் அவர் மூன்று மீட்டருக்கு மேல் போய்விட்டிருப்பார். மூடி இல்லாத சாக்கடை ஒரு மீட்டரில் வந்துவிடும். மர நிழலும் பள்ளமும் கேமராவுக்கு ஒரே கறுப்புத் திட்டுதான். மழை நீர் தேங்கிய குழியில் வானம்தான் தெரியும். கண்ணாடிக் கதவு, துணி காயப்போட்ட கம்பி, இறங்கு படியின் கடைசிப் படி, இவற்றிலெல்லாம் இந்தக் கருவிகள் இன்றும் தடுமாறுகின்றன. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், இல்லாததை இருப்பதாக உறுதியான குரலில் சொல்லிவிடுவதும் செயற்கை நுண்ணறிவுக்கு உள்ள குணம். மருந்துப் பட்டையை அது தவறாகப் படித்தால் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். சாலை நடுவில் யாரிடம் கேட்பது? இப்படிப்பட்ட செயலிகளைச் செய்தவர்களே, சாலையைக் கடக்க இதை நம்பாதீர்கள், கோலுக்கு இது மாற்றல்ல என்று எச்சரிக்கை போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக இவை வீண் என்று நான் சொல்லவில்லை. கருவிகளை வெறுக்கிறவன் அல்ல நான், வாங்கிப் பழகிக் கற்றுக்கொடுக்கிறவன். அவை நன்றாகச் செய்கிற வேலைகள் இருக்கின்றன: கடிதம் படிப்பது, மின் கட்டண ரசீதைச் சொல்வது, கடைப் பெயரைச் சொல்வது, எதிரே நிற்பவர் யார் என்று சொல்வது. பெங்களூரில் உருவான ‘ஸ்மார்ட் விஷன்’ கண்ணாடி போன்றவை உங்களிடம் சொன்ன விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. ஆனால் அதையும்கூட இப்போது வாங்க வேண்டாம். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே பாதி வேலை நடக்கும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ‘டாக்பேக்’ என்ற திரைவாசிப்பான் போனுக்குள்ளேயே இருக்கிறது, தமிழிலும் பேசும். போன் கேமராவில் படுவதை வாசித்தும் விவரித்தும் சொல்லும் செயலிகளான மைக்ரோசாப்டின் ‘சீயிங் ஏஐ’, கூகுளின் ‘லுக்அவுட்’, ‘என்விஷன்’ ஆகியவை இலவசம். ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட ‘மணி’ செயலி இணையம் இல்லாமலே ரூபாய் நோட்டின் மதிப்பைச் சொல்லும். டென்மார்க்கில் 2015-ல் தொடங்கிய ‘பீ மை ஐஸ்’ செயலியில், எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் உங்கள் கணவரின் போன் கேமரா வழியாகப் பார்த்து, கேட்டதைச் சொல்வார். இவற்றை ஆறு மாதம் பழகட்டும். அதற்குப் பிறகும் ‘கையில் போன் இருப்பதால் இடைஞ்சல், கண்ணாடியில் இருந்தால் வசதி’ என்று அவரே சொன்னால், அன்றைக்குக் கண்ணாடியைப் பேசலாம். அப்போதும் ஒரு வாரம் கையில் தராமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அந்த ஒரு வாரமும் உங்கள் தெருவில், மாலை ஏழு மணிக்கு, போனில் சிக்னல் போகிற இடத்தில், மழை தூறும்போது போட்டுப் பார்க்க வேண்டும். பழுதானால் எந்த ஊருக்கு அனுப்புவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நடப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவினர் வடிவமைத்து, ‘சக்‌ஷம்’ அறக்கட்டளையும் நம் சென்னையின் ‘பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்’ நிறுவனமும் சேர்ந்து 2014-ல் வெளிக்கொண்டுவந்த ‘ஸ்மார்ட்கேன்’. வெள்ளைக் கோலின் கைப்பிடியில் பொருத்துகிற ஒரு சிறு பெட்டி அது. காதுக்கு எட்டாத ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்து, மூன்று மீட்டர் தொலைவு வரை முழங்காலுக்கு மேல் இருக்கும் தடையைக் கைக்கு அதிர்வாகச் சொல்லும். காதைத் தொடுவதே இல்லை. வந்தபோது விலை மூவாயிரம் ரூபாய் அளவில்தான். லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பி, தாழ்ந்த தகரக் கூரை, வெட்டாமல் விட்ட மரக்கிளை ஆகியவற்றின் கீழே கோல் நுழைந்துவிடும், நெற்றிதான் மோதும். அந்தக் குறையைத்தான் இது தீர்க்கிறது. கீழே இருக்கும் பள்ளத்தை இதனால் சொல்ல முடியாது, அங்கிருந்து எதிரொலி வராது. தரை கோலின் பொறுப்பு என்று விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவினர் பார்வையற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

ஆக, எந்தப் பக்கம் போனாலும் கோலில் வந்து நிற்கிறோம். இனி நான் பேச வேண்டியது உங்கள் கணவரிடம். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேப்பர் படிக்கிறவர் என்பதால் அவரே படிக்கட்டும், அதுதான் இன்னும் நல்லது.

ஐயா, ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் நோயில் அது இரட்டைச் சுமை. முழுக்கப் பார்வை இல்லாதவர் கோலோடு வந்தால் ஊர் வழிவிடும். நீங்களோ டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு, கோலை விரித்துக்கொண்டு நடந்தால், “நல்லா இருக்கிற மனுஷன் ஏன் நடிக்கிறான்” என்று ஒருவராவது சொல்வார். என்னிடம் வந்த, இதே நோய் உள்ள ஒவ்வொருவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் அதற்குப் பயந்து, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையிலிருந்த பேப்பரைக்கூட மடித்து வைத்துவிடுவார்கள். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிற கண் ஒன்று இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியம் போதும்: “நேரே தெரியும், பக்கத்திலும் கீழேயும் தெரியாது.” நான்கு முறை சொன்னால் ஐந்தாவது முறை உங்களுக்காக டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். பஸ் நிலையத்தில் நீங்கள் விழுந்த அன்று, அந்த பைக்கை நிறுத்தியவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? பின்னால் நின்றவருக்கு? பஸ்ஸைப் பின்னோக்கி எடுக்கிற ஓட்டுநருக்கு? உங்களுக்கு அவர்கள் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. கேமராக் கண்ணாடி உங்கள் காதில் மட்டும் பேசும். கோல் இரண்டு பக்கமும் பேசும்: உங்களுக்குத் தரையைச் சொல்லும், சாலைக்கு உங்களைச் சொல்லும். அது வெள்ளையாக இருப்பதே இதற்காகத்தான். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பது உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து அல்ல. கண்ணாடியின் சிறப்பு என்று நீங்கள் நினைப்பது, யாருக்கும் தெரியாது என்பதுதான், தெருவில் அதன் மிகப் பெரிய குறை.

கோலை ‘ஊன்றுகோல்’ என்று சொல்லிச் சொல்லியே நாம் அதை முதுமையின் பொருளாக்கிவிட்டோம். அதில் யாரும் ஊன்றுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணை இழந்த இளம் வீரர்களுக்காக, 1944-ல் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் நீளமான, எடை குறைந்த கோலையும் அதை வீசி நடக்கும் முறையையும் உருவாக்கினார். இருபது வயதுப் பிள்ளைகள் தனியாக ரயில் ஏறிப் போவதற்குச் செய்த கருவி அது. நீட்டிய விரல் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் பிடிக்கும் முறையை இங்கேயே கொஞ்சம் சொல்கிறேன். கை உடம்பின் நடுவில், தொப்புளுக்கு நேரே இருக்க வேண்டும். மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். கோலின் முனை உங்கள் தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக இடமும் வலமும் தொட வேண்டும். வலது கால் முன்னே போகும்போது முனை இடது பக்கம் தொட வேண்டும். ஏனென்றால் அடுத்து இடது கால் விழப்போகும் இடம் அது. கால் போகிற இடத்தையெல்லாம் கோல் ஒரு அடி முன்னாலேயே தொட்டுப் பார்த்துவிடுகிறது. மண், சிமெண்டு, இரும்பு மூடி, சருகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். சுவர் பக்கம் தட்டினால் ஒரு ஓசை, சந்து திறக்கும் இடத்தில் வேறு ஓசை. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பயிற்சியாளரோடு நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும்.

உங்களுக்கு இதில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு லாபம் உண்டு. இப்போது நீங்கள் நடக்கும்போது தலையைக் குனிந்து, இருக்கிற அந்தச் சிறிய வட்டத்தை எல்லாம் தரையிலேயே செலவழிக்கிறீர்கள், இல்லையா? கழுத்து வலி இருக்கும். எதிரே வருகிறவர் முகம் தெரியாமல் போய், “கண்டும் காணாமல் போகிறான்” என்ற பெயரும் வந்திருக்கும். தரையைக் கோலிடம் கொடுத்துவிட்டால் முகத்தை நிமிர்த்தலாம். அந்த வட்டம் மனிதர்களுக்கும் பஸ் பலகைக்கும் கிடைக்கும். இதே நோய் உள்ள ஒருவர் பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் என்னிடம், “சார், எங்கள் தெருவில் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள், இன்றைக்குத்தான் பார்த்தேன்” என்றார். அந்த வீடு கட்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சகோதரி, மகனைப் பற்றியும் பேச வேண்டும். அவன் செய்வது நல்ல பிள்ளை செய்கிற வேலை. ஆனால் கையைப் பிடித்து இழுத்துப்போவதில் அப்பாவுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் பாரம். இனிமேல் கையைப் பிடிக்க வேண்டாம். அப்பா அவன் தோளில் லேசாகக் கை வைத்து, அரை அடி பின்னால் வரட்டும். அவன் நின்றால் நிற்பது, படி ஏறினால் தோள் உயர்வது எல்லாம் கையிலேயே தெரியும். நீங்கள் கூட நடந்தால் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதை ஒரு பழைய பரிசோதனை அழகாகக் காட்டியது. 1969-ல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஒரு நாற்காலியின் முதுகில் 400 அதிர்வுப் புள்ளிகளைப் பதித்து, கேமராவில் விழும் படத்தை முதுகின் தோலில் வரைந்து காட்டினார். பார்வையற்றவர்கள் அதில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் போனையும் நாற்காலியையும் அடையாளம் சொன்னார்கள். செயற்கைப் பார்வை என்ற துறைக்கே அது ஒரு தொடக்கம். ஆனால் கேமராவை அவர்கள் தங்கள் கையாலேயே திருப்பியபோதுதான் பொருள் ‘வெளியே, எதிரே’ இருப்பதாகத் தெரிந்தது. வேறொருவர் திருப்பினால் முதுகில் வெறும் கிச்சுக்கிச்சுதான். கையைப் பிடித்து இழுத்துப்போகப்படுகிற மனிதருக்கும் அப்படித்தான். பத்து முறை அதே தெருவில் போனாலும் தெரு அவருக்குள் ஏறாது. தானே தட்டிப் பார்த்துப் போனால் மூன்றாம் நாள் தெரு மனப்பாடம்.

எங்கே போவது? உங்களுக்கு அருகில் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கண்ணைக் காட்டும்போதே பார்வை மறுவாழ்வுப் பிரிவைக் கேளுங்கள். பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் வழி சொல்வார்கள். மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நடுப் பார்வை நன்றாக இருந்தாலும், பார்வைப் பரப்பு குறுகியிருந்தால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். அதனால் ‘ஃபீல்டு டெஸ்ட்’ அறிக்கையை மறக்காமல் கொண்டுபோங்கள். அட்டை கிடைத்தால் மடக்குக் கோலையும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் ஸ்மார்ட்கேனையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். கோலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் முகாம்கள் உண்டு. பயிற்சி எங்கே என்று விடாமல் கேளுங்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம். கதவு ஒன்று முழுதாகத் திறந்திருக்கட்டும் அல்லது முழுதாகச் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு முகத்தைப் பிளந்துவிடும். படிகளின் ஓரத்தில் பட்டையாக மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். வெயிலுக்கு விளிம்பு வைத்த தொப்பி, மாலைக்கு அகலமாக ஒளி பரப்பும் டார்ச். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் சில நிமிடம் வாசலிலேயே நிற்கச் சொல்லுங்கள், அவர் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட நேரம் எடுக்கும். கூடத்தில் வைத்த பொருளை இடம் மாற்றினால் மாற்றியதைச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் போக அவர் ஒத்துக்கொண்டால் முதல் நாளே பகலில், சொந்த ஊரில் தொடங்க வேண்டாம். தெரியாத ஊரில், தெரியாத தெருவில் கோலை விரிப்பது எளிது. பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். கை பழகிய பிறகு ஒரு மாலை, அவருக்கு எதுவுமே தெரியாமல் போகும் அந்த நேரத்தில், வீட்டிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்பட்டும். நீங்களோ மகனோ பத்தடி பின்னால், பேசாமல் போங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். கோலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், முகாமில் கொடுக்கிற ஒரே அளவு பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். அவர் வெளியே போகும்போது போடுகிற செருப்போடு நிமிர்ந்து நிற்கட்டும். தரையிலிருந்து அவருடைய நெஞ்சுக்குழி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து எனக்கு எழுதுங்கள். டேப்பின் மேல் முனையை அவரே பிடித்துக்கொள்ளட்டும், கீழே மகன் குனிந்து பிடிக்கட்டும்.